பீங்கான் சிரிப்பு

ஆனைக்கரட்டில் பிறந்தவர்களை எந்த ஊர்ச் சந்தையில் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம், பேரைக் கேட்க வேண்டாம், ஊரைக் கேட்க வேண்டாம், ஒரு தடவை வாயைத் திறந்து சிரித்தால் போதும், மேல்வரிசைப் பற்களின் குறுக்கே பழுப்புக் கோடு ஓடியிருக்கும், சிலருக்கு டீக்கறை நிறத்தில், சிலருக்குத் துருப்பிடித்த தகர நிறத்தில், பாவப்பட்ட சிலருக்குப் பல்லே அரித்துக் குழி விழுந்து. தர்மபுரிப் பக்கத்துப் பாறைக்கடியில் கிடந்து ஆழ்துளைக் குழாய் வழியாக மேலே வருகிற தண்ணீர் அப்படிப்பட்டது. அதைக் குடித்து வளர்ந்து பல் முளைத்த பிள்ளை எதுவும் தப்பியதில்லை. வெற்றிலையா, புகையிலையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்தும் கூசாமல் கேட்பார்கள்.

அதனால் அந்த ஊரில் பெண் பார்க்கிற முறையே வேறாக இருந்தது. பாடச் சொல்வதில்லை, நடக்கச் சொல்வதில்லை. கேசரியும் காபியும் ஆனபிறகு மாப்பிள்ளை வீட்டில் வாய்த்துடுக்கான ஒரு அத்தையை முன்னால் தள்ளுவார்கள், அவள் ஒரு வேடிக்கைக் கதை சொல்வாள், கூடியிருப்பவர்கள் கதையைக் கேட்காமல் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிரிக்காவிட்டால் திமிர் பிடித்தவள், சிரித்தால் பல் தெரிந்துவிடும். ஆனைக்கரட்டுத் தாய்மார்கள் மகள்களுக்குப் பூக்கட்டப் பழக்குவதற்கு முன்பே உதட்டை மூடிச் சிரிக்கப் பழக்கினார்கள்.

பாஞ்சாலையும் பழக்கினாள். அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள், லாரி ஓட்டப்போன புருஷன் ஒரு மழைநாளில் தொப்பூர்க் கணவாயில் செத்துப்போனபிறகு அவளுக்கென்று மிஞ்சியது மகள் சுகுணா ஒருத்திதான், அந்தச் சுகுணாவுக்கு எது வந்தாலும் உதட்டை மூடிச் சிரிக்க மட்டும் வரவே இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு வரிசைப் பழுப்பும் பளிச்சென்று தெரிய, வாசலில் கட்டியிருக்கிற ஆடு மிரண்டு கயிற்றை இழுக்கிற அளவுக்குச் சிரிப்பாள். முதலில் வந்த இரண்டு இடமும் அப்படித்தான் போயிற்று. மூன்றாவதாக வந்த அத்தை, கல்யாணப் பந்தியில் சம்பந்தியின் துண்டைத் தின்ற ஆட்டின் கதையைச் சொன்னாள், மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதுகூட இவள் உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே நாலாவது எடம் எங்கடி வரும்?" என்றாள் பாஞ்சாலை.

"வராட்டி போவுது. எனக்கு என் பல்லு போதும்மா, நல்லாத்தான் கடிக்குது. அந்த ஆடும்மா... துண்டை மென்னுகிட்டே பந்தியில நிக்குதாம்மா..."

திட்டிக்கொண்டே பாஞ்சாலை அடுப்படிக்குப் போய்விட்டாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு இந்த உலகத்தில் எல்லாவற்றையும்விட அந்தச் சிரிப்புதான் பிடிக்கும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மகளிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் தை மாதம் உரக்கடை மாடிக்கு டாக்டர் பிரசன்னகுமார் குடிவந்தார், சாயும் நாற்காலி ஒன்றும், தலைக்குமேல் பெரிய விளக்கும், படங்கள் ஒட்டிய ஆல்பம் ஒன்றும் அவரோடு வந்தன. நல்ல மனுஷன், எதையும் மறைக்காமல் சொல்கிறவர். வெளுக்க மருந்து வைக்கலாம், ஆனால் இந்தத் தண்ணீர்க்கறை அதற்கு முழுசாக மசியாது என்றார். பல்லின் நிறத்திலேயே ஒரு பசை பூசிக் கோட்டை மறைக்கலாம், பல்லைத் தொட வேண்டியதில்லை, ஆனால் டீயும் குழம்பும் பட்டு வருஷம் இரண்டில் மங்கிவிடும் என்றார். கோணலுக்குக் கம்பி போடலாம், ஈறு அதிகம் தெரிந்தால் கொஞ்சம் செதுக்கலாம் என்றார். எல்லாவற்றுக்கும் கடைசியாக, பல்லின் முன்பக்கத்தைச் சற்றே ராவிவிட்டு நகத்தின் கனத்தில் பீங்கான் ஓடு ஒட்டலாம், அது மங்கவே மங்காது, ஆனால் ராவிய பல் ராவியதுதான், பழைய பல்லைத் திருப்பிக் கொடு என்று என்னிடம் வந்து நிற்கக்கூடாது என்றார். ஊர் கடைசி வார்த்தைகளை விட்டுவிட்டு மங்காது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டது. பங்குனி பிறப்பதற்குள் பாதித் தெருவுக்குப் பீங்கான் பல் வந்துவிட்டது.

சிரிப்பு ஒட்டிக்கொண்டது பால் சொசைட்டி செயலாளர் முனிரத்தினத்தின் அப்பா செத்த அன்றைக்குத்தான் தெரிந்தது. முனிரத்தினம் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், வாய் காதுவரை விரிந்திருந்தது, பதினாறு பல்லும் வெயிலில் பளபளத்தன. தோள் குலுங்குகிறது, நெஞ்சில் அடித்துக்கொள்கிறார், "ஐயோ என்னைப் பெத்தவரே" என்கிறார், முகம் மட்டும் கல்யாண போட்டோவுக்கு நிற்கிற முகம். பங்காளிகள் முதலில் அடிக்கப்போனார்கள். அப்புறம் அவருடைய மனைவியைப் பார்த்தார்கள், தம்பியைப் பார்த்தார்கள், ஓடு ஒட்டிய எல்லோருமே அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்கள், யார் கண்ணிலும் ஒரு சொட்டு நீர் இல்லை. ஒட்டியவர்களின் சிரிப்பு ஒட்டிய நாளிலிருந்து இறங்கவே இல்லை என்பதும், தூக்கத்திலும் அது அப்படியே இருக்கிறது என்பதும், சோறு மெல்லும்போது மட்டும் கொஞ்சம் அசைந்துவிட்டுத் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதும் அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது.

ஊர் என்ன செய்யும்? ஒரு வாரம் பேசியது, அப்புறம் பழகிக்கொண்டது. இழவு வீட்டில் ஓடு ஒட்டியவர்கள் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்று பஞ்சாயத்தில் முடிவானது, வாயைத் துண்டால் கட்டிக்கொண்டால் பிணத்தின் பக்கமே உட்காரலாம். போட்டோக் கடைக்காரர் 'கொஞ்சம் சிரிங்க' என்று சொல்வதையே மறந்துபோனார். தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே பிரம்பைத் தூக்கியதில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தன, மூன்றாம் நாள் அவையும் பழகிக்கொண்டன. ஓடு ஒட்டிய கெம்பம்மா என்பவளைப் புருஷன் அடித்ததில் காது தோடோடு அறுந்துபோயிற்று, ரத்தம் வழிய ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் சொன்னாள், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஏட்டு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "புருஷன் பொண்டாட்டி வெளையாட்டுக்கெல்லாம் இங்க வரக்கூடாதும்மா, போ" என்று அனுப்பிவிட்டார். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தாள். இதையும் ஊர் ஒரு கதையாகச் சொல்லிக்கொண்டது, சொல்லும்போது யாரும் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. ஓடு ஒட்டியவர்களின் கன்னத்தில் காதை வைத்துக் கேட்டால் ஒரு சத்தம் கேட்டது, ஆழத்தில் மோட்டார் ஓடும்போது குழாயில் காதை வைத்தால் கேட்குமே, அந்த மாதிரி. துக்கம் நடந்த வீட்டுக்காரர்களிடம் அது கூடுதலாகக் கேட்டது. அப்படிப்பட்டவர்கள் நாலுபேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடு ஒன்று மோதிக் கிணுகிணுவென்று அதிர்ந்தன. நாய்கள் எழுந்து வேறு தெருவுக்குப் போயின. டாக்டர் பயந்துபோய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை, தான் படித்த புத்தகத்தில் இது இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். இல்லாவிட்டால் என்ன, பேர் வைத்துவிட்டால் எதுவும் பழகிவிடும். "பல்லு பாடுது" என்றார்கள் ஆனைக்கரட்டுக்காரர்கள், தம்ளருக்கடியில் துணியை விரித்தார்கள்.

நாலாவது இடம் வைகாசியில் வந்தது. ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தறி ஊர், சொந்தமாகத் தறிப் பட்டறை, பையன் பேர் பூபதி, ஒரே பிள்ளை. பத்து நாளில் பார்க்க வருகிறோம் என்று தரகர் சொல்லிவிட்டுப் போன அன்றைக்கே பாஞ்சாலை மகளைக் கூட்டிக்கொண்டு உரக்கடை மாடிப்படி ஏறினாள்.

"பசை பூசினாப் போதுங்க சார்," என்றாள் சுகுணா. "பசை பூசுன ரெண்டு பேருக்கு மூஞ்சி மாறலையாமே. கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"மாறலைதான்," என்றார் டாக்டர். "நானும் அதையே சொல்லலாம்னு இருந்தேன்."

"அது மங்கிப்போயிடும்னு நீங்கதான சார் சொன்னீங்க," என்றாள் பாஞ்சாலை. "கட்டிக் குடுத்து ஒரு வருசத்துல மஞ்ச தெரிஞ்சா, ஏமாத்திக் கட்டுனாங்கன்னு எம்பொண்ணத் திருப்பி அனுப்பிடுவாங்க. பீங்கானே ஒட்டுங்க."

சாவிக்கொத்தைப் போல ஒரு வளையத்தில் கோத்த மாதிரிப் பற்களை டாக்டர் நீட்டினார், வெண்மையில் பலவகை. சுகுணா கொஞ்சம் மஞ்சள் பூத்த ஒன்றைத் தொட்டு, இதுதான் நிஜப் பல் மாதிரி இருக்கிறது என்றாள். பாஞ்சாலை அதைத் தள்ளிவிட்டு, வரிசையின் கடைசியில் பாலைக்கூட அழுக்காகக் காட்டுகிற வெள்ளையை எடுத்துக் கொடுத்தாள்.

நாற்காலி சாய்ந்தது, விளக்கு எரிந்தது. ராவுகிற கருவியை டாக்டர் ஒரு தடவை ஓட்டிப்பார்க்க, அது உய்யென்று சத்தம் போட்டபோது சுகுணா தாயின் முந்தானையை எட்டிப் பிடித்தாள். "அம்மா, வேணாம்மா," என்றாள். வாய்க்குள் இன்னும் பஞ்சு வைக்கவில்லை, மரத்துப்போக ஊசியும் போடவில்லை, வார்த்தை தெளிவாகத்தான் வந்தது. டாக்டர் கையை நிறுத்திப் பாஞ்சாலையைப் பார்த்தார். பாஞ்சாலை மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முந்தானையை விடுவித்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறுத்துக்க, எல்லாம் சரியாப் போயிடும்," என்றாள். சுகுணா வாயைத் திறந்தாள்.

மேலே எட்டு, கீழே எட்டு. இரண்டு வாரமாவது ஆகும் வேலையைத் தரகரின் தேதிக்காக டாக்டர் ஒன்பது நாளில் முடித்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தபோது, அத்தை வாயைத் திறப்பதற்கு முன்பே பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். கதை பாதியில் இருக்கும்போதே தட்டு மாற்றிக்கொண்டார்கள். "மகாலட்சுமியாட்ட இருக்குதுங்க, எந்நேரமும் சிரிச்ச மொகம்," என்றாள் பையனின் அம்மா. பாஞ்சாலைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாசலில் கட்டியிருந்த ஆடு தலையைத் தூக்காமல் தழை தின்றுகொண்டிருந்ததை அவள் கவனித்தாள், கவனித்துவிட்டுத் தாம்பாளத்தை எடுக்க உள்ளே போனாள்.

ஆனியில் கல்யாணம். மாப்பிள்ளை ஊர் மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து பெண்ணை அனுப்பும்போது, ஆனைக்கரட்டிலிருந்து வந்திருந்த கூட்டம் மொத்தமும் சிரித்துக்கொண்டு நின்றதில் சமையற்கட்டுத் தம்ளர்கள் மூட்டையோடு சரிந்து விழுந்தன. காருக்குள் உட்கார்ந்து சுகுணா கையை ஆட்டினாள். அழாமல் புருஷன் வீட்டுக்குப் போகிற பெண்ணை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று மண்டபத்து மேனேஜர் பாஞ்சாலையிடம் புகழ்ந்து சொன்னார். பாஞ்சாலை ஒருத்திதான் அங்கே அழுதாள், பழுப்புப் பல் தெரியத் தெரிய அழுதாள்.

வாரத்துக்கு ஒருநாள் வீடியோவில் மகளைப் பார்ப்பாள். செல்போனின் சின்னக் கண்ணாடியில் அந்தச் சிரிப்பு வந்து நிற்கும்.

"நல்லா இருக்கியாடி?"

"நல்லா இருக்கேம்மா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

முகத்தைப் பார்த்தால் சந்தோஷம், வேறு எங்கே பார்ப்பது? கண்ணைப் பார்த்தாள், கண்ணுக்குக் கீழே கன்னம் மேடாக ஏறிக் கண்ணையும் சிரிக்கவைத்திருந்தது. குரலைக் கேட்டாள், விரிந்த வாயிலிருந்து வருகிற குரலும் விரிந்தே வந்தது. ஒரு மாதம் காய்ச்சல் என்றாள், சிரித்துக்கொண்டே சொன்னாள். நெற்றியில் பிளாஸ்திரி இருந்தது, படியில் வழுக்கிவிட்டது என்றாள், சிரித்துக்கொண்டே சொன்னாள். பின்னால் சம்பந்தியம்மா எட்டிப் பார்த்து, "உங்க பொண்ணாட்ட ஒரு பொண்ணு கெடைக்காதுங்க சம்பந்தி, எது சொன்னாலும் மொகஞ் சுளிக்கறதில்லீங்க," என்பாள்.

பாஞ்சாலைக்கு உறுத்தியது வேறொன்று. சுகுணாவின் தலைக்குப் பின்னால் அந்த வீட்டுத் தம்ளர் அலமாரி தெரிந்தது, போனில் ஒரு கிணுகிணுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது, வாரத்துக்கு வாரம் அது ஏறியது.

"அது என்னாடி சத்தம்?"

"தறி ஓடுதும்மா. பக்கத்துலயே பட்டற, ஊடே அதிரும்."

பாஞ்சாலை நம்பினாள். நம்புவதற்குத் தறியைப்போல ஒரு வசதி வேறு எதுவும் இல்லை, ஊர் முழுக்கத் தறி ஓடுகிற இடத்தில் தம்ளர் ஆடாமல் என்ன செய்யும், கல்யாணத்துக்குப் போனபோது தானே காதால் கேட்டதுதானே. சத்துணவுக் கூடத்தில் நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் கிண்டும்போதும் இதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனைக்கரட்டுக்காரி ஒருத்தி தம்ளர் அதிர்வதைக் கேட்டுவிட்டு அதற்குத் தறியைக் காரணம் சொல்லித் தூங்கினாள் என்றால், அவளுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துகொள்ள மனசு வரவில்லை.

ஒரு வருஷமும் மூன்று மாதமும் போயிற்று. ஆயுத பூசையன்று காலையில் பாஞ்சாலை அரிவாள்மனைக்கும் கரண்டிக்கும் பொட்டு வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள். சம்பந்தியம்மா போனை வாங்கிக்கொண்டு, பெருமையோடு பட்டறைக்குள் போய்க் காட்டினாள், கழுவித் துடைத்த தறிகள், ஒவ்வொன்றுக்கும் சந்தனம், மாலை, வாழைக்கன்று, பூசணிக்காய். ஊர் முழுக்கத் தறியை நிறுத்திவிட்டார்கள், ரெண்டு நாளைக்கு ஓடாது என்றாள். எங்கேயோ ஒரு காக்கை கத்துவதுகூடத் தெளிவாகக் கேட்டது. பிறகு போனைச் சமையற்கட்டுக்குக் கொண்டுவந்து சுகுணாவிடம் கொடுத்தாள்.

சுகுணா சிரித்தாள். பின்னால் அலமாரியில் தம்ளர்கள் துள்ளின. அதிர்வதெல்லாம் அந்தக் காலம், இப்போது மேல்தட்டின் விளிம்புக்கு வந்து ஒவ்வொன்றாகக் கீழே குதித்தன, விழுந்த தம்ளர் தரையிலும் நிற்காமல் சுழன்றது.

"நல்லா இருக்கேம்மா," என்றாள் சுகுணா, கேட்பதற்கு முன்பே.

பாஞ்சாலை அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினாள். சேலத்தில் ஒரு பஸ், சங்ககிரியில் ஒரு பஸ், மத்தியானம் அந்த வீட்டு வாசலில் நின்றாள். "வாங்க சம்பந்தி, ஒரு போன் பண்ணக்கூடாதுங்களா," என்று அந்தம்மா பொரிகடலையை நீட்டினாள். பூபதி நாற்காலியில் உட்கார்ந்தபடி, "வாங்கத்தை," என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தான். சுகுணா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், சொம்புத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. பாஞ்சாலை மகளைக் கட்டிப்பிடிக்கிற சாக்கில் அவள் கன்னத்தோடு தன் காதைச் சேர்த்து வைத்தாள். மழை வெள்ளத்தில் மதகு திறந்த மாதிரி இரைச்சல். காதை எடுத்த பிறகும் பாஞ்சாலைக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது.

"குலதெய்வத்துக்கு ஒரு வேண்டுதல் சம்பந்தி, பொண்ணு வந்து பொங்க வைக்கணும். ரெண்டு நாள்ல கொண்டாந்து விட்டுடறேன்," என்றாள். பொய் சொல்லும்போது அவளுக்கு நாக்கு குழறவில்லை.

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. அம்மா ஊடுன்னதும் மொகத்துல சிரிப்பப் பாருங்க," என்றாள் சம்பந்தியம்மா. பூபதி தலையைத் தூக்கி மனைவியின் முகத்தைப் பார்த்தான், ஒரே ஒரு பார்வைதான். அந்தப் பார்வையில் சுகுணாவின் கை அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதைப் பாஞ்சாலை பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலை பத்துமணிக்கு இருவரும் உரக்கடை மாடிப்படி ஏறினார்கள். டாக்டருக்கு அந்த ஒன்றேகால் வருஷத்தில் தலை நரைத்திருந்தது. அவர் யாருக்கும் புதிதாக ஓடு ஒட்டுவதை நிறுத்திவிட்டார், எடுத்துவிடச் சொல்லி இதுவரை யாரும் வந்ததும் இல்லை.

"எடுத்தா உள்ளே இருக்கிறது ராவின பல்லும்மா. சொரசொரன்னு இருக்கும். கூசும். பாக்க நல்லா இருக்காது. பழைய பல் வராது," என்றார்.

"எடுங்க சார்."

"உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும். எடுங்க."

கடைசியாக ஒட்டியதிலிருந்து தொடங்கினார். கீழ்வரிசையின் ஓரத்துப் பல்லில் கோடு போல் கீறி, நெம்பி, முதல் ஓட்டை எடுத்துத் தட்டில் போட்டார், அது நெல்லுமி அளவுக்குக்கூட இல்லை. அந்த இடத்திலிருந்து அழுகை வந்தது. சுகுணாவின் வாய் சிரித்துக்கொண்டுதான் இருந்தது, அழுகை அதற்குள்ளிருந்து தனியாக வந்தது, முந்தின நாள் ஆயுத பூசைக் காலையில் அழாமல் விட்ட அழுகை. பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தது அது, கடைசியில் நடந்தது முதலில், முதலில் நடந்தது கடைசியில். ஓடு ஒவ்வொன்றாகத் தட்டில் விழ விழ, பாஞ்சாலை போன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு வாரத்தையும் மறுபடி காதால் கேட்டாள்.

திட்டும்போது இவள் சிரித்தாள் என்று பூபதி அடித்த அழுகை வந்தது. அடிக்கும்போதும் சிரித்தாள் என்று இன்னும் அடித்த அழுகை வந்தது. "என்னைப் பாத்தா இளிப்பா இருக்குதா, நிறுத்துடி, நிறுத்துடி" என்று அவன் கத்தியதும் அதற்குள்ளேயே இருந்தது, நிறுத்த முடியாதவளின் கெஞ்சலும் இருந்தது. படியில் வழுக்கி விழாத நெற்றியின் அழுகை வந்தது. அடுத்த வீட்டுக்காரியிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னதும், முகத்தைப் பார்த்துவிட்டு அவள் விளையாட்டென்று சேர்ந்து சிரித்ததும் வந்தது. காய்ச்சல் என்று சொன்ன மாதத்தின் அழுகை வந்தபோது, அது காய்ச்சல் இல்லை, மூன்று மாதக் கரு கலைந்தது என்பது தெரிந்தது. ரத்தத்தில் கிடந்த பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளை போனதற்குச் சிரிக்கிறாள் என்று அவன் அதற்கும் கை ஓங்கியிருக்கிறான். டாக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். "நிறுத்தாதீங்க சார்," என்றாள் பாஞ்சாலை. அவளுக்கு அழுகை வரவில்லை. இது தன்னுடைய அழுகை இல்லை, இதில் பங்கு கேட்க இன்றைக்குத் தனக்கு வாய் கிடையாது என்று அவளுக்குத் தோன்றியது.

கீழே உரக்கடைக்காரர் முதலில் வெளியே வந்தார். பிறகு டீக்கடை, பிறகு தெரு. ஓடு ஒட்டிய ஒவ்வொருவராக வந்து மாடியைப் பார்த்து நின்றார்கள், முனிரத்தினம் நின்றார், தலைமையாசிரியர் நின்றார், அறுந்த காதை முந்தானையால் மூடிக்கொண்டு கெம்பம்மா நின்றாள். மத்தியானத்துக்குள் தெரு நிறைந்துவிட்டது. வெயிலில் அத்தனை முகமும் சிரித்துக்கொண்டு அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தன, டீக்கடைக் கண்ணாடித் தம்ளர்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. தெருக்கோடி நாய்கள் கரட்டுப் பக்கம் ஓடின.

மேலே கல்யாண நாளின் அழுகை வந்து போயிற்று, காருக்குள் கையை ஆட்டியபோது அழுதிருக்க வேண்டியது. பதினைந்து ஓடு தட்டில் கிடந்தது. ஒன்று பாக்கி, முதன்முதலில் ஒட்டிய மேல்வரிசை முன்பல். சத்தம் ஓய்ந்துவிட்டது, சுகுணாவின் உதடுகள் இரண்டு பக்கமும் தளர்ந்து இறங்கத் தொடங்கியிருந்தன, ராவிய பற்களின் சொரசொரத்த பழுப்பு தெரிந்தது. புருஷன் வீட்டுக் கதை முடிந்தது, இனிமேல் வருவதற்கு என்ன இருக்கிறது, எல்லாப் பழியும் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தது என்று பாஞ்சாலை ஒரு மூச்சு விட்டாள்.

டாக்டர் கடைசி ஓட்டை நெம்பினார்.

வந்தது அழுகைகூட இல்லை. குரல், அடிபடாத குரல், பந்தியில் நின்ற ஆட்டுக்காகச் சிரித்தவளின் குரல்.

"அம்மா, வேணாம்மா."

சுகுணாவின் கை எழுந்து தாயின் முந்தானையைப் பிடித்தது, அன்றைக்குப் பிடித்த அதே இடத்தில். பாஞ்சாலையின் விரல்கள் பழக்கத்தில் அந்தப் பிடியைத் தேடிப் போயின, கொஞ்சம் பொறுத்துக்க என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அதைக் கடித்து விழுங்கினாள். பிரிப்பதற்காகப் போன விரல்களால் மகளின் கையை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"சரிடி," என்றாள். "வேணாம். எந்திரி, ஊட்டுக்குப் போலாம்."

சுகுணா தாயைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. முனிரத்தினம் வாசலில் வந்து நின்றார், அவருக்குப் பின்னால் கெம்பம்மா, அவளுக்குப் பின்னால் கீழ்ப்படிவரை கூட்டம், எல்லோரும் பளீரென்று சிரித்துக்கொண்டு நின்றார்கள். டாக்டரின் மேஜையில் பதினாறு ஓடும் கிடந்த தட்டு மெல்ல அதிரத் தொடங்கியது.